வழக்கமாக ஆட்டம் நடத்துபவர் பிறர் வீட்டுப் போக்கர் மேசைக்கு விருந்தாளியாகப் போகும்போது

ஜனவரி 6 (கேள்வி)

ஆறு ஆண்டுகளாக என் வீட்டில் மாதம் இருமுறை போக்கர் நடத்துகிறேன். என் மேசைக்கு வந்துகொண்டிருந்த ஒருவர் அண்மையில் தம் வீட்டிலும் ஆட்டம் தொடங்கி, முதல் ஆளாக என்னை அழைத்தார். போனேன். சீட்டைக் கலைப்பதிலிருந்து கணக்கு முடிப்பது வரை கண்ணில் பட்ட பிழைகளை எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, ஆட்டத்தில் மனம் செல்லவில்லை. இரண்டு பிழைகளைச் சொன்னேன். சொன்னவுடன் மேசையில் பேச்சு நின்றுவிட்டது. நடத்திப் பழகியவர் விருந்தாளியாகப் போனால் வாய் திறக்கலாமா, கூடாதா?

ஜனவரி 6, இரவு

கூடாது என்பதே என் பதில். நான் 11 ஆண்டுகளாக வீட்டில் ஆட்டம் நடத்துகிறேன். சென்ற ஆண்டுதான் இன்னொருவர் வீட்டுக்குத் தொடர்ந்து ஆடப் போகத் தொடங்கினேன். அந்த முதல் இரவிலேயே எனக்கும் உங்களுக்கு நேர்ந்ததுதான் நேர்ந்தது.

ஆளுக்கு இரண்டு சீட்டும், நடுவில் எல்லோருக்கும் பொதுவான ஐந்து சீட்டும் கொண்ட டெக்சாஸ் ஹோல்டெம். பெரிய பிளைண்ட், அதாவது சீட்டுப் பார்க்கும் முன்பே ஒருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம், 10. எனக்கு வலப்பக்கம் இருந்தவர் ஒன்றும் சொல்லாமல் 50 மதிப்புள்ள ஒரே சிப்பை (பணத்துக்குப் பதில் வைக்கும் வில்லை) முன்னே வைத்தார். 'ரெய்ஸ்' (பந்தயத்தை உயர்த்துகிறேன்) என்று வாய்விட்டுச் சொல்லாமல் பெரிய மதிப்புள்ள ஒற்றைச் சிப்பை வைத்தால் அது 'கால்' (இருக்கும் பந்தயத்துக்கு ஈடு வைப்பது) மட்டுமே, மீதி 40 அவருக்குத் திரும்ப வேண்டும் என்பது போட்டிகளிலும் சூதாட்ட அரங்குகளிலும் வழங்கும் விதி. அதை அப்படியே எடுத்துச் சொன்னேன். வீட்டுக்காரர் குரலை உயர்த்தாமல், தம் வீட்டில் அதை 50-க்கு ரெய்ஸ் என்றே எடுத்துக்கொள்வதாகவும், ஆட்டம் தொடங்கும் முன்பே அதை எல்லோரிடமும் சொல்லிவிட்டதாகவும் கூறினார். நான் 40 நிமிடம் தாமதமாகப் போயிருந்தேன். என் வீட்டில் தாமதமாக வருபவர்களுக்குத் தொடக்கத்தில் சொன்ன விதிகளை நான் மறுபடி சொன்னதே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

ஆகவே நேரத்துக்குப் போங்கள், அந்த வீட்டு விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு பேசாமல் ஆடுங்கள்.

ஜனவரி 7

நேற்று எழுதியதில் முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது. அந்த ஆட்டத்தில் நானும் இருந்தேன். என் கையில் இரண்டு 9, ஒரு ஜோடி. அவர் வைத்தது வெறும் கால் என்று ஆகியிருந்தால், 10 மட்டும் கொடுத்து, நடுவில் முதலில் திறக்கும் மூன்று சீட்டுகளான பிளாப்பைப் பார்த்திருப்பேன். ரெய்ஸ் என்று ஆனதால் 50 கேட்டது. அதாவது, நடுவர் போலப் பேசியவன் அந்தத் தீர்ப்பால் பயன் அடையக்கூடியவனாகவும் இருந்தான். நேற்று இதை எழுதும்போதுகூட என்னை வெறும் பார்வையாளனாகத்தான் நினைத்துக்கொண்டேன். என் வீட்டில் நான் ஆடிக்கொண்டே தீர்ப்பும் சொல்கிறேன். அங்கே யாரும் அதை ஆட்சேபித்ததில்லை என்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று பழகிவிட்டிருக்கிறது.

ஜோடியை என்ன செய்தேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஃபோல்டு செய்தேன், அதாவது சீட்டைக் கீழே போட்டு அந்த ஆட்டத்திலிருந்து விலகினேன். 9 ஜோடியோடு 50-ஐக் கால் செய்திருக்கலாம். சீட்டைப் பார்த்து எடுத்த முடிவாக அது இல்லை, கோபத்தில் எடுத்தது.

ஜனவரி 9

'பேசாமல் ஆடுங்கள்' என்று நான் சொன்னது தவறு. திருத்திக்கொள்கிறேன்.

அதே வீட்டில் மூன்றாவது முறை ஆடியபோது ஓர் ஆட்டத்தில் மூன்று பேர் ஆல்-இன் ஆனார்கள், அதாவது தங்கள் சிப்புகள் முழுவதையும் வைத்தார்கள். ஒருவரிடம் 120, இன்னொருவரிடம் 300, மூன்றாமவரிடம் 450. நான்காவதாக ஒருவர் முன்பே 40 போட்டுவிட்டு ஃபோல்டு செய்திருந்தார். வீட்டுக்காரர் சிப்புகளைப் பிரித்தார். மூன்று பேரிடமிருந்தும் 120 வீதம் எடுத்து 360-ஐ 'பாட்' எனப்படும் நடுக்குவியலாக வைத்தார். பின்பு 300 உள்ளவரிடமும் 450 உள்ளவரிடமும் 180 வீதம் எடுத்து, ஃபோல்டு செய்தவர் விட்டுச்சென்ற 40-ஐயும் அதோடு சேர்த்து, 400-ஐப் பக்கக்குவியலாக வைத்தார். மீதி 150 அதிகம் வைத்திருந்தவருக்குத் திரும்பியது. கூட்டிப் பார்த்தால் 910, சிப்பு ஒன்றும் குறையவில்லை, ஆகவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் அந்த 40 இருக்க வேண்டிய இடம் நடுக்குவியல். சரியான கணக்கு நடுவில் 400, பக்கத்தில் 360. இது யாரைப் பாதிக்கும் என்றால், எல்லோரிலும் குறைவாக வைத்திருந்தவரை. அவர் நடுக்குவியலுக்கு மட்டுமே உரியவர்.

நான் பேசவில்லை. முதல் இரவில் சூடுபட்டிருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். குறைவாக வைத்திருந்தவரே வென்றார். 400-க்குப் பதில் 360 பெற்றுக்கொண்டு, நன்றி சொல்லி அடுக்கினார்.

வீட்டுக்கு வந்த பிறகு இது என்னை விடவில்லை. 2001-இல் தொடங்கப்பட்ட டூர்னமென்ட் டைரக்டர்ஸ் அசோசியேஷன் என்ற அமைப்பின் விதிகளைப் பல ஆண்டுகளாக நான் என் வீட்டுக்கு அடிப்படையாக வைத்திருக்கிறேன். சீட்டுகளைப் படிப்பதிலோ, குவியலைக் கணக்கிடுவதிலோ, வென்றவரிடம் கொடுப்பதிலோ பிழை நடக்கிறது என்று தோன்றினால், ஆட்டத்தில் இருப்பவர், இல்லாதவர் என்ற வேறுபாடின்றி மேசையில் உள்ள யாரும் சொல்ல வேண்டும் என்று அந்த விதிகளே சொல்கின்றன. ஒருவர் கையை இன்னொருவர் ஆடக் கூடாது, அதாவது ஆட்டம் நடக்கும்போது யோசனை சொல்லக் கூடாது என்பது வேறு விதி. இரண்டையும் சேர்த்துக் குழப்பி, 'விருந்தாளி' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டேன்.

இப்போது என் அளவுகோல் இது. எல்லோர் மீதும் ஒரே மாதிரி விழும் வேறுபாடு அந்த வீட்டின் விதி. அதைப் பற்றி விருந்தாளி பேச வேண்டியதில்லை. ஒருவர் கையிலிருந்து சிப்புகளை எடுத்து இன்னொருவரிடம் தரும் பிழையை உடனே, சிப்புகள் நகரும் முன்பே சொல்ல வேண்டும். எடுத்துக்காட்டாக, இருவர் மட்டும் எஞ்சும்போது டீலர் பட்டன் (சீட்டுப் போடும் முறை யாருடையது என்று காட்டும் வில்லை) உள்ளவரே சிறிய பிளைண்ட் போட்டு, பிளாப்புக்கு முன் முதலில் ஆட வேண்டும். அந்த வீட்டில் பட்டன் உள்ளவர் பெரிய பிளைண்ட் போடுகிறார். இருவரும் மாறி மாறி அதே இடத்துக்கு வருவதால் யாருக்கும் நட்டம் இல்லை. இதுவரை அதைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன்.

ஜனவரி 9, பின்னர்

எப்படிச் சொல்வது என்று கேட்டவருக்கு: கேள்வியாகக் கேளுங்கள். 'அந்த 40 எந்தக் குவியலில் சேரும்?' என்று வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டால் போதும். தீர்ப்பு அவருடையதாகவே இருக்கும்.

ஜனவரி 12

நடத்திப் பழகியவர் சீட்டுப் போட உதவலாமே என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டு ஆட்டத்தில் முறை மாற்றிச் சீட்டுப் போடுவார்கள், சிலருக்குக் கை வராது, வேகம் குறையும். நான்காவது முறை போனபோது, கை வராத ஒருவருக்குப் பதில் நான் போடுகிறேன் என்றேன். அவர் மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுத்தார். அடுத்தவரும் விட்டுக்கொடுத்தார். அரை மணி நேரத்தில் நான் மட்டுமே போட்டுக்கொண்டிருந்தேன். ஆட்டம் வேகமாக ஓடியது, எல்லோரும் பாராட்டினார்கள்.

பிறகு ஒருவர், 'இதில் குறைந்தபட்ச ரெய்ஸ் எவ்வளவு?' என்று என்னைக் கேட்டார். நான் சொன்னேன். இரண்டு பேருக்கும் சமமான கை வந்து ஒரு சிப் மிஞ்சியபோது அது யாருக்கு என்று என்னைக் கேட்டார்கள். பட்டனுக்கு இடப்பக்கம் முதலில் இருப்பவருக்கு என்று நான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவரும் பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்தியிருந்தார். தம் மேசையில், தாம் அழைத்தவர்கள் முன்னிலையில், தமக்குத் தெரிந்த விடையைச் சொல்ல அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. புதிதாக ஆட்டம் தொடங்கிய ஆண்டில் அதே முகம் எனக்கும் இருந்திருக்கும்.

சீட்டுக்கட்டு யார் கையில் இருக்கிறதோ அவரைப் பார்த்துத்தான் மேசை கேள்வி கேட்கும். உதவி என்ற பெயரில் நான் எடுத்துக்கொண்டது அவருடைய இடத்தை. அடுத்த கேள்வி வந்தபோது கட்டைக் கீழே வைத்துவிட்டு, 'வீட்டுக்காரரைக் கேளுங்கள்' என்றேன். அன்று முதல் என் முறை வரும்போது மட்டும் போடுகிறேன்.

உதவ வேண்டும் என்றால் இரண்டாவது கட்டு இருக்கிறது. முதுகு நிறம் வேறுபட்ட இரண்டு கட்டுகளை வைத்துக்கொண்டு, ஒன்றில் ஆட்டம் நடக்கும்போது மற்றொன்றைக் கலைத்து, அடுத்துச் சீட்டுப் போடுபவரின் வலப்பக்கம் வெட்டுவதற்குத் தயாராக வைத்துவிட்டால் ஆட்டத்துக்கு ஆட்டம் காத்திருக்கும் நேரம் பெருமளவு குறையும். ஃபோல்டு செய்தவர் யாரும் இதைச் செய்யலாம். இதைச் செய்பவரிடம் யாரும் தீர்ப்புக் கேட்பதில்லை. அந்த வீட்டில் இப்போது நான் மனநிறைவோடு செய்யும் வேலை இதுதான்.

கலைப்பது பற்றி ஒரு சொல். டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற இரு கணித அறிஞர்கள் 1992-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 52 சீட்டுகள் போதிய அளவு கலைய ஏழு முறை கலைக்க வேண்டும். அந்த வீட்டில் மூன்று முறை கலைத்துவிட்டுப் போடுகிறார்கள். இரண்டாவது கட்டை நான் எடுத்துக்கொண்டதில் அந்தக் குறையும் சத்தமில்லாமல் தீர்ந்தது.

ஜனவரி 13

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். ஏழு முறை என்ற கணக்கு, கட்டை இரண்டாகப் பிரித்து இரு பகுதிகளின் ஓரங்களையும் ஒன்றுக்குள் ஒன்றாக விழவிடும் கலைப்புக்கு மட்டுமே பொருந்தும். கையில் பிடித்துக்கொண்டு சிறு சிறு கொத்துகளாக எடுத்து மேலே போடும் கலைப்புக்கு ஆயிரக்கணக்கான முறை தேவைப்படும். அந்த முறை மட்டுமே தெரிந்தவர்கள், கட்டு முழுவதையும் மேசையில் கவிழ்த்துப் பரப்பி இரு கைகளாலும் வட்டமாக அளைந்து சேர்ப்பதே நல்லது. கை வராதவர்களுக்கும் இது எளிது.

ஜனவரி 18

இந்த இழையில் எழுதுவதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்ததை இப்போது எழுதுகிறேன்.

என் வீட்டில் கணக்கு என்னுடையது. யார் எவ்வளவுக்குச் சிப்பு வாங்கினார், யார் மறுபடி வாங்கினார் என்று எழுதி வைப்பேன். அதற்கு மேல், அவ்வப்போது மேசையைச் சுற்றிக் கண்ணாலேயே சிப்புகளை எண்ணிச் சரிபார்ப்பேன். இந்தப் பழக்கம் பிறர் வீட்டிலும் நிற்பதில்லை. அன்று எட்டுப் பேர், ஆளுக்கு 200 வீதம் 1600. மூன்று பேர் மறுபடி 200 வாங்கியதை வீட்டுக்காரர் குறித்துக்கொண்டார், மொத்தம் 2200. நான்காவதாக ஒருவர், வீட்டுக்காரர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது, 'எனக்கு ஒரு 200, பிறகு தருகிறேன்' என்று பெட்டியிலிருந்து தாமே எடுத்துக்கொண்டார். வீட்டுக்காரர் தலையசைத்தார். அது எழுதப்படவில்லை. நான் பார்த்தேன். இது என் கணக்கு இல்லை, நான் விருந்தாளி என்று எண்ணி இருந்துவிட்டேன்.

இரவு முடிவில் எல்லோரும் சிப்புகளைத் திருப்பிக் கொடுத்தபோது கூட்டுத்தொகை 2400 வந்தது. கணக்கில் 2200 மட்டுமே. எடுத்தவர் மறந்திருந்தார், ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருந்ததாக இன்றும் நான் நம்பவில்லை. வீட்டுக்காரர் இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, தம்முடைய தவறாகத்தான் இருக்கும் என்று சொல்லி, குறைந்த 200-ஐத் தம் கையிலிருந்து கொடுத்து எல்லோரையும் அனுப்பினார். அப்போதும் நான் சொல்லவில்லை. பத்துப் பேர் கேட்க அந்த நேரத்தில் சொன்னால், எடுத்தவரைக் குற்றம் சாட்டுவது போல ஆகிவிடும் என்று அஞ்சினேன். அந்த அச்சம் ஓரளவு சரி. ஆனால் எடுத்த அந்தக் கணத்திலேயே, 'இதை எழுதிக்கொண்டீர்களா?' என்று வீட்டுக்காரரிடம் காதோடு கேட்டிருக்கலாம். இடைவேளையில் சொல்லியிருக்கலாம். இரண்டு மணி நேரம் எனக்கு வாய்ப்பு இருந்தது.

மறுநாள் அவரை அழைத்துச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. 'நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்பீர்கள் என்று நினைத்து நான் கொஞ்சம் அசட்டையாக இருந்துவிட்டேன்' என்றார். மன்னிப்புக் கேட்டேன், மறதியாக எடுத்தவரிடம் யார் பேசுவது என்று இருவரும் முடிவு செய்தோம், அவரே பேசினார், தொகையும் வந்துவிட்டது. ஆனாலும் அவர் சொன்ன அந்த ஒரு வரி என்னுள் தைத்துக்கொண்டிருக்கிறது.

என் வீட்டில் கணக்கு இடித்த இரவுகளும் உண்டு. அந்த இரவுகளில் எத்தனை பேர் பார்த்துவிட்டுச் சொல்லாமல் போயிருப்பார்கள்?

ஜனவரி 19

முந்தைய குறிப்பில் 'பத்துப் பேர் கேட்க' என்று எழுதிவிட்டேன். எட்டுப் பேர்தான்.

ஜனவரி 20

ஒவ்வொரு குவியலிலிருந்தும் வீட்டுக்காரர் சிறு பங்கு எடுத்துக்கொள்ளும் ஆட்டத்துக்குப் போகலாமா என்ற கேள்விக்கு: நான் போவதில்லை. நண்பர்கள் கூடி ஆடுவதையும், நடத்துபவர் ஆட்டத்திலிருந்தே வருமானம் எடுப்பதையும் பல நாடுகளின் சட்டங்கள் வேறு வேறாகவே பார்க்கின்றன. உங்கள் ஊர்ச் சட்டத்தை முதலில் பாருங்கள். அங்கே நீங்கள் விருந்தாளியும் ஆகமாட்டீர்கள், வாடிக்கையாளர்தான். நாம் பேசிக்கொண்டிருப்பது விருந்தாளியைப் பற்றி.

ஜனவரி 25

வெல்வதைப் பற்றி எழுதுகிறேன். நடத்துபவர்கள் பலருக்கும் இது தெரிந்திருக்கும், ஆனால் யாரும் பேசிக் கேட்டதில்லை.

சொந்த வீட்டில் ஆடும்போது என் கவனம் முழுமையாக ஆட்டத்தில் இருந்ததே இல்லை. கதவு தட்டப்படுகிறதா, பிளைண்ட் ஏற்ற நேரமாயிற்றா, மறுபடி வாங்கியவருக்குச் சில்லறைச் சிப்புகள் சரியாகக் கொடுத்தேனா என்று மனம் பத்து இடங்களில் இருக்கும். பிறர் வீட்டில் இவை ஒன்றும் இல்லை. யார் எந்த இடத்திலிருந்து ரெய்ஸ் செய்கிறார், யார் டர்ன் எனப்படும் நான்காவது பொதுச் சீட்டைப் பார்த்தவுடன் தம் சிப்புகளைப் பார்க்கிறார் என்பதெல்லாம் முதன்முறையாகக் கண்ணில் பட்டன. ஐந்தாவது முறை போனபோது, வாங்கியதற்கு மேல் மூன்று மடங்கு முன்னே இருந்தேன். 11 மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று எனக்கு நானே முடிவு செய்திருந்தேன், யாரிடமும் சொல்லவில்லை. 11 ஆனபோது எழ முடியவில்லை. அழைத்தவர் வீட்டில் அள்ளிக்கொண்டு எழுந்து போவதா என்ற குற்ற உணர்வு. ஒரு மணி வரை இருந்தேன். சோர்வில், கூச்சத்தில், ஆடக் கூடாத கைகளையெல்லாம் ஆடி, வாங்கிய தொகை அளவுக்குத் திருப்பிக் கொடுத்தேன். கொடுத்ததில் பெரும்பங்கு ஏற்கெனவே முன்னிலையில் இருந்தவருக்குப் போயிற்று. தோற்றுக்கொண்டிருந்தவருக்கு ஒன்றும் சேரவில்லை. அது யாருக்கும் நன்மையாக இல்லை.

அடுத்த முறை உள்ளே நுழையும்போதே, 'இன்று 11 மணிக்குக் கிளம்ப வேண்டும்' என்றேன். 11-க்குச் சற்று முன், பட்டன் ஒரு சுற்று வந்து சேரும்வரை ஆடுகிறேன் என்று அறிவித்தேன். முடித்து எழுந்தேன். யாருக்கும் வருத்தம் இல்லை. வென்றுகொண்டிருந்தாலும் தோற்றுக்கொண்டிருந்தாலும் முன்பே சொன்ன நேரம் அதேதான் என்பதால் அதை யாரும் வேறுவிதமாகப் பார்க்கவில்லை.

ஜனவரி 26

வென்ற சிப்புகளில் பாதியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு மீதியோடு ஆடலாமே என்று எழுதிய நண்பருக்கு: கூடாது. மேசையில் உள்ளது எழும்வரை மேசையிலேயே இருக்க வேண்டும். தோற்றவர்கள் திரும்ப வெல்லும் வாய்ப்பு உங்கள் முன்னே உள்ள சிப்புகளில்தான் இருக்கிறது. இதில் வீட்டுக்கு வீடு மாறும் விதி எதையும் நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 2

அந்த வீட்டில் நள்ளிரவுக்கு முன் ஒரு மணி நேரம், சீட்டுப் போடுபவர் விரும்பிய ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். என் வீட்டில் ஹோல்டெம் மட்டுமே. வேறு ஆட்டம் வேண்டும் என்று கேட்டவர்களை நான் தட்டிக்கழித்திருக்கிறேன், புதியவர்கள் குழம்புவார்கள் என்பது நான் சொன்ன காரணம்.

ஒமாஹா வந்தது. கையில் நான்கு சீட்டுகள். அவற்றில் சரியாக இரண்டையும், நடுவில் உள்ள ஐந்தில் சரியாக மூன்றையும் சேர்த்தே கை அமைய வேண்டும். இதை நான் பிறருக்கு விளக்கியிருக்கிறேன். ஆனாலும் நடுவில் நான்கு இஸ்பேடுகள் விழுந்தபோது, என் கையிலிருந்த இஸ்பேடு ஏஸ் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஃபிளஷ் (ஒரே இனத்தின் ஐந்து சீட்டுகள்) என்று அறிவித்தேன். கையிலிருந்து ஒரு சீட்டு மட்டும் சேர்ந்தாலும் போதும் என்ற ஹோல்டெமில் பழகிய கண் அப்படித்தான் பார்த்தது. எதிரே இருந்தவர் என் சீட்டுகளைச் சுட்டி, 'இன்னொரு இஸ்பேடு இருக்கிறதா?' என்று மெதுவாகக் கேட்டார். இல்லை. குவியல் அவருடையது.

அந்தக் கேள்வி கேட்கப்பட்ட விதத்தைத்தான் சொல்ல வந்தேன். தீர்ப்பாகச் சொல்லாமல், நானே பார்த்துக்கொள்ளும்படி கேட்டார். ஜனவரி 9 அன்று நான் எழுதிய யோசனை இவரிடமிருந்து வந்ததுதான் என்பதை அப்போது குறிப்பிடவில்லை. அந்த ஒமாஹா இரவு அதற்கு முன்பே நடந்தது. கடன் அவருடையது.

பிப்ரவரி 8 (கேள்வி கேட்டவர்)

நேற்று மறுபடி போனேன். நேரத்துக்குப் போய் விதிகளைக் கேட்டேன். ஒரு முறை மட்டும், குவியல் பிரிப்பில், கேள்வியாகக் கேட்டேன். வீட்டுக்காரர் தாமே திருத்தினார். இன்னொரு சிக்கல் எழுந்திருக்கிறது. அங்கே சந்தித்த இருவர் என் வீட்டு ஆட்டத்துக்கு வர விரும்புகிறார்கள். அழைக்கலாமா?

பிப்ரவரி 10

இந்தக் கேள்விக்கு நான் நிதானமாகப் பதில் எழுதுவது கடினம். இதில் எனக்குப் பழைய காயம் உண்டு.

என் ஆட்டத்தின் நான்காவது ஆண்டில், புதிதாக வந்த ஒருவர் மூன்று மாதம் ஆடினார். நல்லவர், கலகலப்பானவர். பிறகு என் ஆட்டம் நடக்கும் அதே கிழமையில் தம் வீட்டில் ஆட்டம் தொடங்கினார். அழைப்புகள் என் மேசையிலேயே, நான் கதவைத் திறக்க எழுந்து போன நேரங்களில் போயிருக்கின்றன. ஒன்பது பேர் வந்த இடத்தில் நான்கு பேர் வந்தார்கள். நான்கு பேரை வைத்து ஹோல்டெம் ஆடலாம், ஆனால் ஒருவர் வராவிட்டால் அன்று ஆட்டமே இல்லை. ஐந்து மாதம் நடக்கவில்லை. ஆட்களைச் சேர்க்க எத்தனை தொலைபேசி அழைப்புகள், எத்தனை சமாதானங்கள், யாரை யாருக்குப் பக்கத்தில் அமர்த்துவது என்ற எத்தனை கவலைகள் என்பது நடத்துபவருக்குத்தான் தெரியும். அவரும் பிறகு நடத்துபவர் ஆனார். ஆன பிறகு ஒருநாள் வந்து வருத்தம் தெரிவித்தார். ஏற்றுக்கொண்டேன்.

உங்கள் கேள்விக்கு: முதலில் அந்த வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். அவர் ஆட்டம் நடக்கும் நாளில் உங்கள் ஆட்டம் இருக்கக் கூடாது. அவர் மேசையில் வைத்து அழைக்காதீர்கள். அவரையும் அழையுங்கள், அதுவும் முதலில்.

பிப்ரவரி 11

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். ஆட்டக்காரர்கள் யாருடைய உடைமையும் அல்லர் என்று ஒருவர் சுட்டியிருப்பது சரி. அந்த ஐவரும் தாங்களாகவே போனார்கள். அங்கே மேலும் மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். என் வீட்டில் அவர்களுக்கு என்ன குறை என்று நான் ஒருவரிடம்கூடக் கேட்கவில்லை. ஆனால் வீட்டுக்காரரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

பிப்ரவரி 23

நேற்று முன்தினம் என் வீட்டு ஆட்டத்தை நடத்தும்படி, நான் விருந்தாளியாகப் போகும் வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டேன். என் மேசையில் நான் விருந்தாளியாக ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கணக்கு அவருடையது, தீர்ப்பு அவருடையது. அவர் செய்த முதல் வேலை, ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்கச் சொல்லி, பெரிய சீட்டிலிருந்து வரிசையாக இடம் கொடுத்தது. என் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. நான் எப்போதும் நீள்வட்ட மேசையின் நடுப்பக்கத்தில் அமர்வேன். பழையவர்கள் தங்கள் தங்கள் இடத்தில் அமர்வார்கள். கடைசியாக வருபவருக்கு வலது கோடி இருக்கை.

எனக்கு 3 வந்தது. கோடி இருக்கை.

இரண்டாவது ஆட்டத்திலேயே கையில் ஏஸ், ஜாக், இரண்டும் ஆட்டின். பிளாப்பில் இரண்டு சிவப்புச் சீட்டுகள் விழுந்தன. விளக்கின் ஒளி பிளாஸ்டிக் சீட்டுகளின் மீது பட்டு நேராக என் கண்ணுக்கு வந்தது. சீட்டின் எண் தெரிந்தது. ஆட்டினா டைமண்டா என்று தெரியவில்லை. எட்டிப் பார்த்தேன். அப்படியும் தெரியவில்லை. கேட்கலாம் என்று வாயெடுத்தேன். கேட்ட கணத்தில், என் கையில் ஒரே இனத்தின் இரண்டு சிவப்புச் சீட்டுகள் இருக்கின்றன என்று மேசை முழுவதும் தெரிந்துவிடும்.

கேட்கவில்லை. ஃபோல்டு செய்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏழு ஆண்டுகளாக என் வீட்டுக்கு வரும் ஒருவர் இருக்கிறார். வேலை முடித்துக் கடைசியாகத்தான் வருவார். ஆகவே எப்போதும் அந்தக் கோடி இருக்கை. 'அது ஆட்டினா?' என்று அடிக்கடி கேட்பார். அவர் கேட்டால் ஃபிளஷுக்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அதை வைத்து அவருக்கு எதிராக நான் ரெய்ஸ் செய்திருக்கிறேன், ஃபோல்டு செய்திருக்கிறேன். நான் கவனித்து அறிந்த அவருடைய பழக்கம் என்று அதை நினைத்துப் பெருமைப்பட்டும் இருக்கிறேன். அது என் விளக்கு.

பிப்ரவரி 24

நான்கு நிறக் கட்டு பற்றி எழுதிய நண்பருக்கு நன்றி. இஸ்பேடு கறுப்பு, ஆட்டின் சிவப்பு, டைமண்ட் நீலம், கிளாவர் பச்சை என்று இருக்கும் கட்டுகள் இரண்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். விளக்கை நேற்று இரவே மேசையின் நடுவுக்கு மேல் மாற்றிக் கட்டினேன். ஒன்பது இருக்கைகளிலும் உட்கார்ந்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஐந்து சீட்டுகளைப் படித்துப் பார்த்தேன். இடது கோடியில் இன்னும் இலேசாக மின்னுகிறது.

மார்ச் 2

அந்தக் கோடி இருக்கைக்காரரைத் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, அங்கிருந்து சீட்டு சரியாகத் தெரியாது என்று முதல் ஆண்டிலேயே சொல்ல நினைத்ததாகவும், உங்கள் வீட்டில் வந்து குறை சொல்வானேன் என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார். இந்த வெள்ளிக்கிழமை வருகிறார். இடத்துக்குச் சீட்டு எடுப்பது இனி என் வீட்டிலும் உண்டு. அவர் வரும்வரை யாரும் எடுக்க மாட்டோம்.